ஆடம்ஸ் வீட்டுக் காகிதங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

1755 நவம்பர் 18, பொழுது விடிவதற்கு முன்னால் வட அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரைப் பகுதி நிலநடுக்கத்தில் குலுங்கியது. பிரெய்ன்ட்ரீ என்ற ஊரில் அப்பா வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த இருபது வயது இளைஞர் ஒருவர் நடுக்கத்தின் நடுவே விழித்துக்கொண்டார். வீடு ஆடியது, விரிசல்விடும் சத்தம் கேட்டது, அப்படியே சரிந்து எங்கள் மேல் விழுந்துவிடும்போல் இருந்தது என்று எழுதிவைத்தார். அப்பா வீட்டிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் ஏழு புகைபோக்கிகள் சிதைந்துபோயின என்று கணக்கும் குறித்தார். அவர் பெயர் ஜான் ஆடம்ஸ். ஹார்வர்டில் மாணவராக இருந்த காலத்தில் அவர் எழுதிய சில பக்கங்கள் தனியாகக் கிடைத்திருக்கின்றன. ஆனால் ஜான் ஆடம்ஸின் நாட்குறிப்பு என்று இன்று நாம் படிக்கும் பெருந்தொடர் இந்த நிலநடுக்கத்தோடுதான் தொடங்குகிறது.

அன்றைக்கு அமெரிக்கா என்றொரு நாடு கிடையாது. பிரிட்டனின் குடியேற்றங்கள்தான் இருந்தன. அந்த இளைஞர் அப்போது ஒரு சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர். பின்னாளில் வழக்கறிஞர் ஆனார், விடுதலைக்கு வாதாடினார், புதிய நாட்டின் இரண்டாவது குடியரசுத் தலைவராகவும் ஆனார். அவருடைய மூத்த மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ் ஆறாவது குடியரசுத் தலைவர். இந்த விவரங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. நான் இன்று பேச வந்தது அந்த வீட்டின் காகிதங்களைப் பற்றி.

நான்கு தலைமுறைக் காகிதங்கள் அவை. நாட்குறிப்புகள், கடிதங்கள், கடித நகல்கள், கணக்குகள், உயில்கள். பாஸ்டன் நகரில் 1791இல் தொடங்கப்பட்ட மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் அவை பாதுகாக்கப்படுகின்றன. 1950களில் இவற்றைப் படமெடுத்தபோது 608 மைக்ரோஃபிலிம் சுருள்கள் தேவைப்பட்டன. ஜான் ஆடம்ஸும் அவர் மனைவி அபிகெய்லும் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் மட்டும் 1,100க்கு மேல். மகன் ஜான் குவின்சி எழுதிய நாட்குறிப்பு 51 தொகுதிகள்.

இவ்வளவிலும் எது உயர்ந்தது என்று என்னைக் கேட்டால், இரண்டு குடியரசுத் தலைவர்களும் எழுதியவை அல்ல என்பேன். பள்ளிக்கூடமே போகாத ஒரு பெண்மணி, விளக்கு வெளிச்சத்தில், பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுதிய கடிதங்கள்தான். அவை பிழைத்து நம் கைக்கு வந்தது தானாக நடந்த காரியம் அல்ல. எரிக்கலாமா வைக்கலாமா என்ற கேள்வி அந்த வீட்டில் பல முறை வந்தது. பெரும்பாலும் வைத்தார்கள்.

அபிகெய்ல் ஸ்மித் 1744இல் வேமத் என்ற ஊரில் ஒரு பாதிரியாரின் மகளாகப் பிறந்தார். அந்தக் காலத்துப் பெண்பிள்ளைகள் பலரையும்போல அவருக்கும் முறையான படிப்பு இல்லை. அப்பாவின் புத்தக அலமாரிதான் பள்ளிக்கூடம். எழுத்துப்பிழைகள் நிறைய இருக்கும். அதைப் பற்றி வாழ்நாள் முழுக்க அவருக்குக் கூச்சம் இருந்தது. ஆனால் பேனாவை எடுத்துவிட்டால் தயக்கம் கிடையாது.

இவர்களின் கடிதத் தொடரில் நமக்குக் கிடைக்கும் முதல் கடிதம் 1762 அக்டோபரில் ஜான் எழுதியது. வயது இருபத்தாறு, வளர்ந்துவரும் வக்கீல். அதனால் கட்டளைச் சீட்டு பாணியில் எழுதுகிறார். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் கேட்கும் அளவுக்கு முத்தங்களையும், இரவு ஒன்பது மணிக்குப் பிறகு உன் கூட இருக்கும் நேரத்தையும் கொடுத்து, என் கணக்கில் பற்று எழுதிக்கொள் என்கிறார். கொண்டுபோகிறவர் அவரேதான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

திருமணத்துக்கு முன், 1764 வசந்தத்தில், ஜான் பாஸ்டனுக்குப் போய்ப் பெரியம்மைக்குக் குத்திக்கொண்டார். நோயாளியின் கொப்புளச் சீழைக் கையில் கீறி ஏற்றும் முறை அது. பல நாள் தனித்திருக்க வேண்டும். அங்கிருந்து வரும் காகிதத்தில் தொற்று இருக்கக்கூடும் என்று பயந்து, கடிதத்தைப் பிரிப்பதற்கு முன் புகை காட்டுவார்கள். வேமத் வீட்டில் அந்த வேலை டாம் என்ற வேலையாளுடையது. அபிகெய்ல் எழுதுகிறார்: நீங்கள் எப்போதாவது பறவைக்கூட்டைக் கலைத்ததுண்டா? அந்தப் பறவை கிட்டே வரவும் பயந்து, விட்டுப்போகவும் மனமில்லாமல் சுற்றிச் சுற்றிப் பறக்குமே, டாம் என் கடிதங்களுக்குப் புகை போடும்போது நானும் அப்படித்தான் அவனைச் சுற்றி வருகிறேனாம், வீட்டில் சொல்கிறார்கள்.

அந்த நாட்களிலேயே ஜான் ஒரு குறும்புக் கடிதம் எழுதினார். உன்னிடம் உள்ள குறைகளைப் பட்டியல் போடுகிறேன் என்று தொடங்கி, சீட்டாட்டத்தில் அக்கறை இல்லை, பாடத் தெரியாது, தலையைக் குனிந்து நடக்கிறாய், கால்மேல் கால் போட்டு உட்காருகிறாய் என்று அடுக்கினார். அபிகெய்ல் சளைக்கவில்லை. ஒரு பெண்ணின் கால்களைப் பற்றிக் கவலைப்பட ஆண்மகனுக்கு என்ன வேலை என்று திருப்பிக் கேட்டார். அந்த அக்டோபரில் அவர்களுக்குத் திருமணம் ஆயிற்று.

பத்து ஆண்டுகள் கழித்து, 1774இல், குடியேற்றங்களின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடிய காங்கிரஸ் என்ற பேரவைக்கு ஜான் போனார். அப்போதிருந்து ஏறக்குறைய பத்தாண்டுகள் கணவனும் மனைவியும் பெரும்பாலும் பிரிந்தே வாழ்ந்தார்கள். கடிதங்கள் இவ்வளவு குவிந்ததற்கு அந்தப் பிரிவுதான் காரணம். அருகருகே இருந்திருந்தால் நமக்கு ஒரு வரிகூடக் கிடைத்திருக்காது.

1775 ஜூன் 17. பாஸ்டனுக்கு எதிரே, பிரிட்டிஷ் படைக்கும் குடியேற்றப் படைக்கும் இடையே பங்கர் ஹில் சண்டை. அபிகெய்ல் ஏழு வயது மகன் ஜான் குவின்சியைக் கூட்டிக்கொண்டு வீட்டருகில் இருந்த பென்ஸ் குன்றின் மேல் ஏறி, தூரத்தில் தெரிந்த நெருப்பையும் புகையையும் பார்த்தார். மறுநாள் எழுதிய கடிதத்தில், தீர்மானிக்கும் நாள் ஒருவேளை வந்துவிட்டது என்றார். குடும்ப நண்பரான டாக்டர் ஜோசப் வாரன் அந்தச் சண்டையில் இறந்துபோன செய்தியும் அதில் இருக்கிறது.

வரலாற்று நூல்கள் இந்தக் கடிதத்தைத் தவறாமல் எடுத்துக்காட்டும். நான் அதற்கு இரண்டு நாள் முந்தைய கடிதத்தைச் சொல்கிறேன். அதில் அபிகெய்ல் கேட்பது குண்டூசி. பிலடெல்பியாவில் ஒரு கட்டு குண்டூசி வாங்கி அனுப்புங்கள், இங்கே அதற்குத் தலைகீழாக அலைகிறார்கள், ஏழரை ஷில்லிங்குக்கு வாங்கியது இன்று இருபது ஷில்லிங், அந்த விலைக்கும் கிடைப்பதில்லை என்கிறார். குண்டூசி அப்போது இங்கிலாந்திலிருந்து வந்த சரக்கு. வணிகம் நின்றுபோனால் ஒரு வீட்டில் எது முதலில் தட்டுப்படும் என்று எந்தத் தளபதியின் குறிப்பிலும் இருக்காது. துணியைச் சேர்த்துப் பிடிக்க ஊசி இல்லாத பெண்தான் அதை எழுத முடியும்.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் வயிற்றுக்கடுப்பு நோய் ஊரையே வாரிக்கொண்டு போயிற்று. ஜானின் தம்பி இறந்தார். அபிகெய்லும் படுத்து எழுந்தார், சின்ன மகனும் படுத்தான். அவர்களைப் பார்த்துக்கொள்ள வந்துபோன அம்மாவுக்கு நோய் தொற்றி அக்டோபர் 1ஆம் தேதி உயிர் போயிற்று. வீட்டில் வேலை செய்த பெண்ணும் நாட்கணக்கில் வேதனைப்பட்டு இறந்தாள். அந்த வாரங்களின் கடிதங்களைத் தொடர்ந்து வாசிப்பது எளிதல்ல. வீட்டைச் சூடான வினிகரால் ஓயாமல் கழுவ வேண்டியிருக்கிறது, பார்க்க வரும் அக்கம்பக்கத்தாரும் நோயில் விழுகிறார்கள், கணவர் முந்நூறு மைலுக்கு அப்பால். அபிகெய்ல் திரும்பி வாருங்கள் என்று எழுதவில்லை. எழுதாமல் இருக்க எவ்வளவு பாடுபட்டார் என்பது வரிகளில் தெரிகிறது.

இனி அந்த எரிப்பதா வைப்பதா என்ற கேள்விக்கு வருகிறேன். கடிதம் எழுதுவதில் அன்று ஆபத்தும் இருந்தது. 1775 ஜூலையில் ஜான் எழுதிய இரண்டு கடிதங்களைப் பிரிட்டிஷ்காரர்கள் வழியில் பிடித்துவிட்டார்கள். சக உறுப்பினர் ஒருவரை அற்ப மேதை என்கிற தொனியில் கிண்டலடித்திருந்தார். அதை அப்படியே செய்தித்தாளில் போட்டு அவர் மானத்தை வாங்கினார்கள். இதெல்லாம் தெரிந்தும் 1776 ஜூன் 2ஆம் தேதி ஜான் ஒரு பெரிய வெற்றுநோட்டை வாங்கினார். இருபது ஆண்டுகளாகக் கடிதம் எழுதுகிறேன், ஒன்றுக்கும் நகல் வைத்ததில்லை, இனிமேல் உனக்கு எழுதுவதையெல்லாம் இதில் எழுதிவைக்கப்போகிறேன் என்று மனைவிக்கு எழுதினார். நீயும் அப்படியே செய், பிள்ளைகள் சீக்கிரம் நல்ல கையெழுத்து எழுதுவார்கள், அவர்களை வைத்து நகலெடுக்கலாம், அவர்களுக்கும் பழக்கம் ஆகும் என்றார். அதோடு இன்னொரு வரியும் எழுதினார். என் கடிதங்களைவிட உன் கடிதங்கள்தான் பாதுகாக்கத் தகுந்தவை.

முகத்துதியாக எழுதிய வரி இது என்று நான் நினைக்கவில்லை. அவர் சொன்னது சரி. ஆனால் அபிகெய்லுக்கு அது ஏற்கவில்லை. என் கடிதங்களை எரித்துவிடுங்கள், உங்கள் சட்டைப்பையிலிருந்து எங்காவது விழுந்து என்னை அம்பலப்படுத்திவிடப்போகிறது என்று கெஞ்சியிருக்கிறார். ஜான் எரிக்கவில்லை. அதே தலைமுறையைச் சேர்ந்த மார்த்தா வாஷிங்டன் தன் கணவர் ஜார்ஜ் வாஷிங்டனுக்கும் தனக்கும் இடையே போன கடிதங்களை எரித்தார். மிஞ்சியவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். தாமஸ் ஜெபர்சனும் மறைந்த மனைவியோடு பரிமாறிய கடிதங்களை அழித்துவிட்டார். அது அவரவர் துக்கம், அவரவர் உரிமை. குறை சொல்ல நமக்கு இடமில்லை. ஆனால் அந்த இரண்டு பெண்களின் குரலும் நமக்குக் கேட்காமல் போயிற்று, அபிகெய்லின் குரல் கேட்கிறது.

1776 மார்ச் 31ஆம் தேதிக் கடிதத்தை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். புதிய சட்டங்கள் இயற்றும்போது பெண்களை மறந்துவிடாதீர்கள், கணவன்மார் கையில் எல்லையில்லாத அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள் என்று அபிகெய்ல் எழுதிய கடிதம். அந்த ஒரு பத்தியை மட்டும் வெட்டியெடுத்து ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. முழுக் கடிதத்தையும் பாருங்கள். நான் எழுதுவதில் பாதி நீளமாவது நீங்கள் எழுதக்கூடாதா என்ற மனத்தாங்கலோடு தொடங்குகிறது. சக மனிதர்களின் விடுதலையைப் பறித்துப் பழகியவர்களுக்கு விடுதலை வேட்கை நம் அளவுக்கு இருக்குமா என்று அடிமை முறை நிலவிய வர்ஜீனியாவைப் பற்றி ஐயப்படுகிறது. பாஸ்டனில் இருந்த அவர்கள் வீட்டில் பிரிட்டிஷ் படை மருத்துவர் ஒருவர் தங்கிப் போயிருக்கிறார், வீடு அழுக்காகக் கிடக்கிறது, வேறு சேதமில்லை என்ற தகவலைச் சொல்கிறது. வெடிமருந்துக் கலவையின் அளவுகளைச் சொல்லும் ஒரு கைப்பிரதியைப் பார்த்தேன், வேண்டுமானால் நகலெடுத்து அனுப்புகிறேன் என்றுகூட அதில் வருகிறது. இத்தனைக்கும் நடுவில்தான் பெண்களைப் பற்றிய அந்தப் பத்தி.

ஜான் என்ன பதில் எழுதினார்? சிரிக்காமல் இருக்க முடியவில்லை என்றார். பிள்ளைகள், பழகுநர்கள், மாணவர்கள், செவ்விந்தியர்கள், நீக்ரோக்கள் எல்லாம் கட்டுமீறுகிறார்கள் என்று கேள்விப்பட்டோம், எல்லாரையும்விட எண்ணிக்கையில் பெரிய ஒரு கூட்டமும் கிளம்பிவிட்டது என்று உன் கடிதத்தால்தான் தெரிகிறது என்றார். அபிகெய்ல் மனம் புண்பட்டு, எழுத்தாளரான தோழி மெர்சி ஓட்டிஸ் வாரனிடம் முறையிட்டார்.

இந்தக் கதை வழக்கமாக இங்கே நின்றுவிடும். காகிதக் கட்டை இன்னும் புரட்டினால் நாற்பது ஆண்டு கழித்து ஓர் உயில் கிடைக்கிறது. 1816 ஜனவரியில் அபிகெய்ல் தன் கைப்பட எழுதியது, நான்கு பக்கம். அன்றைய சட்டப்படி மணமான பெண்ணுக்குத் தனிச்சொத்து கிடையாது. அவளுடையதெல்லாம் கணவனுடையது. உயில் எழுதவே இடமில்லை. ஆனால் இந்தப் பெண்மணி கணவர் ஐரோப்பாவில் இருந்த காலத்தில் அவர் அனுப்பிவைத்த கைக்குட்டை, ரிப்பன், பீங்கான் பாத்திரங்களை உறவினர் மூலமாக விற்றுக் காசாக்கியிருந்தார். நிலம் வாங்கு என்று கணவர் சொல்ல, அரசுக் கடன்பத்திரங்களில் போடுவதே லாபம் என்று போட்டு ஜெயித்தும் காட்டியிருந்தார். அந்தப் பணத்தை என் பணம் என்றே பேசினார். உயிலில் மகன்களுக்குப் பேருக்குத்தான் ஏதோ. பேத்திகள், சகோதரர் சகோதரிகளின் மகள்கள், மருமகள்கள், வீட்டில் வேலை செய்த பெண்கள் என்று பெண்களுக்கே பங்கிட்டார். 1818 அக்டோபரில் அவர் இறந்தபோது, சட்டப்படி செல்லாத அந்த உயிலை ஜான் ஆடம்ஸ் ஏற்று நிறைவேற்றினார். 1776இல் சிரித்த அதே ஜான். மார்ச் 31 கடிதத்தையும் இந்த உயிலையும் சேர்த்துப் படித்தால்தான் அபிகெய்ல் யார் என்று விளங்கும்.

அடுத்து நான் சொல்லப்போவது, இந்தக் கட்டிலேயே என்னை அதிகம் பாதித்த கடிதம். 1777 ஜூலை. அபிகெய்ல் நிறைமாதக் கர்ப்பிணி. ஜான் பிலடெல்பியாவில். ஜூலை 9ஆம் தேதி அபிகெய்ல் எழுதுகிறார்: நேற்றிரவு உடம்பெல்லாம் நடுக்கம் கண்டது, ஓர் உயிர் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. 10ஆம் தேதி இரவு மறுபடி எழுதுகிறார். நாற்பத்தெட்டு மணி நேரமாகச் சுகமில்லை. வலி வந்து வந்து போகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போதே வலி வருகிறது. தப்பி ஓட முடியாத ஒன்றைத் தாங்குவதற்காக இந்தக் கணம் பேனாவைக் கீழே வைக்கிறேன் என்று எழுதுகிறார். அடுத்த வரி: தாங்கிவிட்டேன், பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டேன், என் வேதனையை ஒதுக்கிவைத்துவிட்டு உங்கள் கடிதங்களுக்கு நன்றி சொல்கிறேன்.

பிரசவ வலி ஒரு வாக்கியத்தின் நடுவே வந்துபோனதை, அந்த நிமிடத்திலேயே, அந்தப் பெண்ணே எழுதிய ஆவணம் பதினெட்டாம் நூற்றாண்டில் இருந்து வேறு எத்தனை நமக்குக் கிடைத்திருக்கும்?

அதே ஜூலை 10ஆம் தேதி பிலடெல்பியாவில் ஜானும் எழுதிக்கொண்டிருந்தார். மனம் பதறுகிறது, நெஞ்சு வலிக்கிறது என்கிறார். வீட்டில் வயிற்றுக்கடுப்பு வந்தபோது ஒரு முறை, நீங்கள் எல்லாரும் பெரியம்மைக்குக் குத்திக்கொண்டபோது ஒரு முறை, இப்போது ஒரு முறை, ஒவ்வொரு தடவையும் கிட்டே இருந்து ஒரு கை உதவ முடியாமல் போயிற்று என்று வருந்துகிறார். இரண்டு கடிதங்களும் எதிரெதிர்த் திசையில் ஒரே சாலையில் போயின. குழந்தை இறந்தே பிறந்தது. பெண் குழந்தை, பெயர் எலிசபெத். மிக அழகான குழந்தை, இந்த உலகில் கண்ணே திறக்காததால் தூங்குவதற்காக மூடிக்கொண்டதுபோல் இருந்தது என்று 16ஆம் தேதி அபிகெய்ல் எழுதினார். கடிதங்கள் ஜானின் கைக்கு வந்து சேர்ந்தது 28ஆம் தேதி. பார்த்திராத, இனிப் பார்க்கவும் முடியாத ஒரு சிசுவின் மேல் இவ்வளவு பாசம் எப்படி வரும் என்று அன்றே எழுதினார்.

தபால் தாமதம் என்பதை இந்தக் காகிதங்கள் நெடுகக் காணலாம். நம் மண்ணோடும் அதற்கு ஒரு தொடர்பு உண்டு. ஜான் பிற்பாடு ஐரோப்பாவில் சமாதானப் பேச்சுக்கு அனுப்பப்பட்டார். 1783 ஜனவரி 20 அன்று வெர்சாய் நகரில் பிரிட்டனும், அமெரிக்காவின் பக்கம் நின்று போரிட்ட பிரான்சும் பூர்வாங்க உடன்படிக்கையில் கையெழுத்திட்டபோது அவரும் பெஞ்சமின் பிராங்க்ளினும் அங்கே இருந்தார்கள். போர்நிறுத்தம் கையெழுத்தாகிவிட்டது என்று இரண்டு நாளில் மனைவிக்கு எழுதினார். ஆனால் அந்தச் செய்தி நம் கடலூருக்கு வந்து சேர ஜூன் மாதக் கடைசி ஆயிற்று. அதற்குள் ஜூன் 13 அன்று கடலூர்க் கோட்டைக்கு வெளியே பிரிட்டிஷ் படையும், திப்புவின் வீரர்கள் துணை நின்ற பிரெஞ்சுப் படையும் மோதி நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். ஐந்து மாதத்துக்கு முன்பே முடிந்துபோன போர் அது.

பிள்ளைகளிடம் வருகிறேன். ஜான் குவின்சிக்குப் பத்து வயது நிரம்புவதற்கு முன், 1777 ஜூனில், அப்பாவுக்கு ஒரு கடிதம். கடிதம் எழுதுவதைவிட வாங்குவதுதான் எனக்குப் பிடிக்கும், என் புத்தி பறவை முட்டைகள் மேலும் விளையாட்டின் மேலும் ஓடுகிறது என்று ஒப்புக்கொள்கிறான். படிப்பதில் முக்கியமானதை எழுதிவைக்க ஒரு வெற்றுநோட்டு அனுப்பச் சொல்கிறான். மறு ஆண்டு அப்பாவோடு பிரான்ஸ் போனவன் அம்மாவுக்கு எழுதுகிறான்: அப்பா தினமும் நாட்குறிப்பு எழுதச் சொல்கிறார், அதனால் பயன் உண்டு என்று தெரிகிறது, ஆனால் எனக்குப் பொறுமை இல்லை, சில ஆண்டு கழித்து என் சிறுபிள்ளைத்தனத்தை நானே வாசித்து வெட்கப்படப்போகிறேன்.

1779 நவம்பர் 12இல் அவன் எழுதத் தொடங்கினான். வயது பன்னிரண்டு. எழுபதாம் வயதைத் தாண்டியும் எழுதினார். தூதராக, வெளியுறவு அமைச்சராக, குடியரசுத் தலைவராக, பிறகு அடிமை முறைக்கு எதிரான மனுக்களைத் தூக்கிக்கொண்டு பிரதிநிதிகள் சபையில் தனியாளாய் நின்ற முதியவராக, விடியுமுன் எழுந்து எழுதினார். ஒரு நாள் விட்டுப்போனால் கடன்பாக்கி விழுந்ததுபோல் பதறுவார். 1846 நவம்பரில் பக்கவாதம் தாக்கியது. மறு ஆண்டு மறுபடி எழுதியபோது, தான் அந்த நாளிலேயே இறந்துவிட்டதாகக் கணக்கிட்டு, இனி எழுதுவது மரணத்துக்குப் பிந்தைய நினைவுக்குறிப்பு என்று தலைப்பிட்டார். 1848 பிப்ரவரியில் சபையில் தம் இருக்கையிலேயே சரிந்து, அந்தக் கட்டடத்திலேயே உயிர்விட்டார்.

அவர் மனைவி லூயிசா கேத்தரினும் எழுதினார். 1815 குளிரில், ஏழு வயது மகனோடு, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பாரிஸ் வரை நாற்பது நாள் குதிரைவண்டிப் பயணம். நெப்போலியன் எல்பா தீவிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த நேரம். படைவீரர்கள் நிறைந்த சாலைகள். அதை லூயிசா இருபது ஆண்டு கழித்து எழுதிவைத்தார். ரஷ்யாவில் ஒரு வயதில் இறந்த மகளைப் பற்றி அவர் எழுதிய பக்கங்களையும், கணவரின் நாட்குறிப்பில் அதே நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். 1840இல் தொடங்கிய ஒரு நினைவுக்குறிப்புக்கு லூயிசா, ஒன்றுமில்லாதவளின் அனுபவங்கள் என்ற பொருளில் பெயர் வைத்தார். ஒரு குடியரசுத் தலைவரின் மனைவி தன்னை அப்படி எழுதிக்கொண்டது என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இந்தக் கட்டில் கேட்காத குரல்களும் உண்டு. அபிகெய்லின் அப்பா வீட்டில் ஃபீபி என்ற கறுப்பினப் பெண் அடிமையாக இருந்தார். 1783இல் பாதிரியார் இறந்தபோது அவருடைய உயில்தான் ஃபீபிக்கு விடுதலை தந்தது. மறு ஆண்டு அபிகெய்ல் கணவரைத் தேடிக் கப்பலேறியபோது வீட்டை ஃபீபியிடமும் அவர் கணவரிடமும் ஒப்படைத்துப் போனார். அவ்வளவு நம்பிக்கைக்குரியவர். ஆனால் ஃபீபியின் மனத்தில் என்ன இருந்தது என்பதை அபிகெய்லின் வரிகளுக்கு இடையேதான் தேட வேண்டியிருக்கிறது. 1797இல் வீட்டில் வேலை செய்த கறுப்பினச் சிறுவனை மாலைப் பள்ளிக்கு அனுப்பியபோது ஊரார் ஆட்சேபித்தார்கள். முகம் கறுப்பு என்பதற்காகவே படிப்பு மறுப்பதா, அவனும் மற்றப் பையன்களைப்போலச் சுதந்திரமானவன்தானே என்று அபிகெய்ல் மடக்கினார். அந்தச் சிறுவன் அன்று என்ன நினைத்தான் என்பதும் நமக்கு எட்டவில்லை.

ஜான் குவின்சியின் மகன் சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ்தான் காகிதங்களை முதலில் அச்சுக்குக் கொண்டுவந்தவர். 1840இல் பாட்டி அபிகெய்லின் கடிதங்களை வெளியிட்டார். அமெரிக்காவில் ஒரு பெண்ணின் கடிதங்கள் தனி நூலாக மதிக்கப்பட்டதற்கு அது ஒரு பெரிய தொடக்கம். பிறகு தாத்தாவின் எழுத்துகள் பத்துத் தொகுதி, அப்பாவின் நாட்குறிப்பிலிருந்து பன்னிரண்டு தொகுதி. ஆனால் அவர் பாட்டியின் எழுத்துப்பிழைகளைத் திருத்தினார். உடல்நோவு, வீட்டுச் சமாச்சாரம் என்று தமக்குத் தோன்றியதை நீக்கினார். அந்தக் காலத்து நாகரிகம் அது. இருந்தாலும் மூலத்தை அவர் அழிக்கவில்லை. அப்பாவின் உயிலில் சொன்னபடி, தீப்பிடிக்காத தனிக் கட்டடம் ஒன்றை 1870இல் குவின்சி நகரின் கருங்கல்லால் வீட்டுத் தோட்டத்தில் கட்டினார்.

அந்தக் கல் கட்டடம் எதற்கு என்பதற்கு இதே குடும்பத்தில் சான்று உண்டு. அபிகெய்லின் மகள் நாபியின் கடிதங்களை நாபியின் மகள் 1840களில் அச்சிட்டார். மூலக் கடிதங்கள் பின்னர் வீட்டில் பிடித்த தீயில் பெரும்பாலும் போய்விட்டன. நான்காம் தலைமுறையில் ஹென்றி ஆடம்ஸ், மனைவி தற்கொலை செய்துகொண்ட பிறகு, தன் நாட்குறிப்புகளைத் தானே படித்துப் படித்து அழித்தார்.

1905இல் குடும்பத்தார் ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தினார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1956இல், அனைத்தையும் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார்கள். 1961 முதல் ஒரு வரியும் வெட்டாமல், எழுத்துப்பிழையும் திருத்தாமல், குறிப்புகளோடு தொகுதி தொகுதியாக அச்சாகிவருகின்றன. ஜானும் அபிகெய்லும் எழுதிய கடிதங்களைச் சங்கத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். கையெழுத்தின் படம் ஒரு பக்கம், அச்செழுத்து ஒரு பக்கம்.

1776 ஆகஸ்டில் பாஸ்டனில் அத்தை வீட்டில் தங்கியிருந்தபோது அபிகெய்லுக்கு ஒரு சின்ன அறை கிடைத்தது. புத்தக அலமாரியும் அழகான சிறு மேசையும் அங்கே இருக்கின்றன, யார் தொல்லையும் இல்லாமல் எழுதவும் காகிதங்களை வைக்கவும் முடிகிறது என்று அதைப் பற்றி மகிழ்ந்து எழுதினார். அந்தக் கடிதத்தையும் சேர்த்து, ஒரு நூறு கடிதங்களையாவது நல்ல தமிழில் தர யாராவது முன்வர வேண்டும் என்பது என் ஆசை. இந்த உரையைக் கேட்கும் மொழிபெயர்ப்பாளர்களை மனத்தில் வைத்துத்தான் சொல்கிறேன். அப்படிச் செய்பவர்கள் புகழ்பெற்ற பத்திகளை மட்டும் பொறுக்க வேண்டாம். குண்டூசி விலையையும் வினிகரால் வீடு கழுவியதையும் டாம் போட்ட புகையையும் விட்டுவிடாமல் முழுக் கடிதமாகவே தாருங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.